திரைக்குள் போன தோள்

சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டி முடித்ததும் லெமுவல் பிரூட் நாற்காலியைச் சுழற்றி, வந்தவர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிவிடுவார். பிறகு கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பர்கள் வாழும் சென்ட்ரல் அவென்யூவில் இப்படிச் சவரம் செய்கிற கடை வேறு கிடையாது. “கண்ணாடிக்குள்ள யாருண்ணே, உங்க மாமியாரா?” என்பார்கள். “அவங்களா இருந்தா காபி குடுத்து உக்கார வெச்சிருப்பேனே,” என்பார்.

பகலில் கத்தி, வார இறுதியில் நடனக்கூடத்தில் டிரம்பெட். உச்ச ஸ்வரத்துக்கு ஏறும்போது இடது தோள்தான் முதலில் எழும்பும். தேவாலயத்தில் பாடும்போது அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தானாம். “நெலமா நீச்சா, எங்க குடும்பச் சொத்தே இதுதான்,” என்று முன்பெல்லாம் சொல்லிச் சிரிப்பார் லெமுவல்.

போன வருஷம் ஒரு கார்ட்டூன் கம்பெனி இவர்கள் இசைக்குழுவை வாசிக்க அழைத்தது. ஒலிப்பதிவு முடிந்ததும் லெமுவலை மட்டும் ஒரு வெள்ளைத் துணிக்கு முன்னால் நிறுத்தி, வாசிக்கச் சொல்லிப் படம்பிடித்தார்கள். வரைபவர்களுக்கு உதவியாக இருக்கும் என்றார்கள். தெருமுழுக்கச் சொல்லிவிட்டார். படம் வந்தபோது மனைவி கார்டீலியாவும் மகள் வில்லடீனும் தேவாலய உடுப்பில் அவரோடு கொட்டகைக்குக் கிளம்பினார்கள்.

திரையில் ஒரு சதுப்புக்காடு. கரிப்பூச்சு முகமும் டயர் போன்ற உதடுகளும் மூக்கில் எலும்புமாக ஒரு கூட்டம் தாயக்கட்டை உருட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று எழுந்து டிரம்பெட்டை எடுத்தது. கொட்டகையில் சிலர் பழக்கத்தில் சிரித்தார்கள். லெமுவலுக்கு மூச்சு தானாக உள்ளே போயிற்று. அவர் இழுத்த பிறகுதான் அதுவும் இழுத்தது. அதன் இடது தோள் எழும்பியது. செத்துப்போன அப்பா அந்தக் கரித்தோலுக்குள்ளிருந்து எழுந்திருக்கப் பார்ப்பதுபோல் இருந்தது அவருக்கு. அக்கம்பக்கத்தில் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. கார்டீலியா அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

“அப்பா, உங்கள எப்பப்பா அதுக்குள்ள போட்டாங்க?” என்று கேட்டாள் வில்லடீன்.

மறுவாரம் கம்பெனிக்குப் போனார். வரைபவர் மரியாதையாகத்தான் பேசினார். அது யாரையும் குறிப்பதில்லை, வெறும் வேடிக்கை என்றார்.

“யாருமில்லன்னா, அங்க எந்தோளு எதுக்குய்யா?” என்றார் லெமுவல். வரைபவர் பென்சிலைச் சீவத் தொடங்கினார்.

அதன் பிறகு குழுவோடு ஒரேகான் பக்கம் போனார். அதுவரை கால் வைத்திராத ஊர். மேடையேறியதும், இன்னும் ஊதவே இல்லை, முன்வரிசைப் பெண்மணி ஒருத்தி தெரிந்தவரைப் பார்த்ததுபோல் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் படத்து உருவம் தனக்கு முன்பே அங்கே வந்து போயிருக்கிறது என்று புரிந்தது. அன்று முதல் தோளைப் பெல்ட்டால் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வாசித்துப் பார்க்கிறார். உச்ச ஸ்வரம் எட்டுவதில்லை. கட்டை அவிழ்த்தாலோ, முதலில் எழும்புவது தானா அதுவா என்று தெரிவதில்லை என்கிறார். கடையில் கண்ணாடியைப் பார்ப்பதை விட்டதும் அதனால்தான்.

சென்ற ஞாயிறு காலை கார்டீலியா அடுப்பில் சோள ரொட்டி வைத்திருந்தாள். தேவாலயப் பாட்டை வில்லடீன் சமையலறையில் நின்று பாடிப் பழகிக்கொண்டிருந்தாள். நல்ல குரல். உயரத்துக்கு ஏறுகையில் அவளுடைய சின்ன இடது தோள் மெல்ல எழும்பியது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கார்டீலியா கரண்டியோடு திரும்பினாள்.

லெமுவல் மகளுக்குப் பின்னால் வந்து நின்று, அந்தத் தோள்மேல் உள்ளங்கையை வைத்து, வலிக்காமல், கீழே அழுத்தினார்.