மரம் ஏறுகிறவனுக்கு எந்த லென்ஸ்?

நாகலூர் எஸ்டேட்டில் மரம் ஏறி மிளகு பறிப்பவன் நான். கண்புரை ஆபரேஷனுக்கு முன், உள்ளே வைக்கும் லென்ஸைப் பற்றி டாக்டர் விளக்கினார். "கண்ணாடி இல்லாம கிட்டத்துல தெரிஞ்சா போதுமா?" என்று கேட்டார். சரியாகப் புரியவில்லை. கூச்சத்தில் தலையாட்டிவிட்டேன்.

ஆபரேஷன் அன்று சொட்டு மருந்து விட்ட நர்ஸ், "என்ன வேலைங்கண்ணா?" என்றார். சொன்னேன்.

"ஏனுங்க, கிட்டத்துக்கான லென்ஸுன்னு சீட்டுல எழுதியிருக்குதுங்களே! மரத்து மேல இருந்து பாத்தா தரை மங்கலாத் தெரியும். கண்ணாடி போட்டுட்டா ஏறுவீங்க?"

"பனியில கண்ணாடி மறைச்சுருமுங்க." அவரிடமே கெஞ்சினேன். "டாக்டருகிட்ட நீங்களே சொல்லீருங்கம்மா."

"கண்ணு உங்களுதுங்கண்ணா. நீங்களே சொல்லுங்க."

திக்கித் திணறிச் சொன்னேன். டாக்டர் தூரத்துக்கான லென்ஸாக மாற்றி வைத்தார்.

இப்போதெல்லாம் யார் என்ன கேட்டாலும், "புரியலைங்க, இன்னொருக்கா சொல்லுங்க" என்கிறேன். அப்புறம்தான் தலையாட்டுகிறேன்.