தில்லையம்பலம் அண்ணைக்கு நான் சொல்லாமல் வைத்திருந்த பத்தொன்பது நாட்கள்

தில்லையம்பலம் அண்ணை காலமான செய்தி வந்தபோது நான் சண்டிலிப்பாயில் என் தோட்டத்தில் புகையிலைக் கன்றுகளுக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தேன். கோப்பாயிலிருந்து அவருடைய தமையனின் மகன் குணம் சைக்கிளில் வந்திருந்தார். இறங்கியதும் இறங்காததுமாகச் சொன்னார்: "சித்தப்பா இண்டைக்கு விடிய மோசம் போட்டார். கிணத்தடியிலை முகம் கழுவிக்கொண்டு நிண்டவர், அப்பிடியே சரிஞ்சிட்டார்." கையிலிருந்த மண்வெட்டியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அடுத்த நாள் வேறொன்றைக் கடன் வாங்கித்தான் வாய்க்காலை மறித்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கும் நினைவு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று அவருடைய மனைவி மனோன்மணி அக்கா கேட்டார். இந்த மலர்களைப் புரட்டிப் பார்த்தால் எங்கள் ஊர்களில் கோபக்காரர் ஒருவரும் செத்ததேயில்லை என்று நினைக்கத் தோன்றும். எல்லாரும் சாந்தம், எல்லாரும் பொறுமை. அண்ணையை அறிந்த உங்களுக்கு அவர் கோபக்காரர் என்பது தெரியும். அவருடைய கோபங்களில் பெரியது என்மீது வந்தது. அதில் நியாயம் முழுவதும் அவர் பக்கம் இருந்தது. நான் எழுதக்கூடியது அதைத்தான்.

எண்பத்து நான்காம் ஆண்டு இருவரும் ஒரே விமானத்தில் சவூதிக்குப் போனோம். அவர் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். போன இடமும் சீமெந்துத் தொழிற்சாலைதான், பாலைவனத்துக்கு நடுவே ஒரு சின்னப் பட்டணம். நான் அங்கே களஞ்சியக்காரன். இருவருக்கும் ஒரே அறை. என்னைவிட எட்டு வயது மூத்தவர். என்னை "ஐசே" என்றுதான் கூப்பிடுவார்.

போன முதற் கிழமையிலேயே நான் ஊரை நினைத்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தேன். அவர் புதினம் பார்க்கத் தொடங்கினார். கோடைகாலத்தில் மொட்டைமாடித் தாங்கி கொதித்துக் குழாயில் வெந்நீர்தான் வரும். எல்லாரும் குளிக்க முடியாமல் திட்டிக்கொண்டிருக்க, அண்ணை குளியலறைக்குள் இருந்த சுடுதண்ணீர் ஹீற்றரை நிற்பாட்டிவிட்டு, நிழலில் ஆறிக் கிடந்த அந்தத் தண்ணீரில் குளித்தார். "ஐசே, இஞ்சை சிவப்புக் குழாயிலைதான் பச்சைத்தண்ணி வரும். மாறிப் பிடிக்க வேணும், அவ்வளவுதான்" என்றார். தொழுகை நேரத்தில் கடைக்காரன் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் போய்விட, அரை மணித்தியாலம் வெங்காய மூட்டைகளுக்கிடையில் இருந்துவிட்டு வந்து அதையும் ஒரு பெரிய சம்பவமாகச் சொன்னார். ஒரு சனிக்கிழமை விரதச் சோற்றில் ஒரு பிடியைக் காகத்துக்கு வைக்க மாடிக்குப் போனவர் அப்படியே திரும்பி வந்தார். "நீர் கவனிச்சனீரே? இந்த ஊரிலை காகமே இல்லை" என்றார். நான் கவனித்திருக்கவில்லை. இவற்றையெல்லாம் ஒலிநாடாவில் பேசித் தாய்க்கு அனுப்புவார். தாய்க்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

ஆனால் ஒரு விடயத்தில் அவர் அசையவில்லை. அங்கே ஒரே பெரிய தட்டில் சோற்றையும் ஆட்டிறைச்சியையும் கொட்டி, ஐந்தாறு பேர் சுற்றியிருந்து கைவிட்டு அள்ளிச் சாப்பிடுவார்கள். அண்ணை மச்சம் மாமிசம் சாப்பிடுகிறவர்தான். இருந்தாலும் எச்சில் பட்ட தட்டு அவருக்கு ஒத்துவராது. மூன்று வருடங்கள் எந்த விருந்துக்குப் போனாலும் தனிச் சாப்பாட்டுக் கோப்பை ஒன்றைக் கையோடு கொண்டுபோனார். அந்தக் கோப்பையைக் கண்டாலே அரபிகள் சிரிப்பார்கள்.

எண்பத்தேழாம் ஆண்டு ஒக்டோபரில் ஊரில் சண்டை மூண்டது. கடிதம் இல்லை, தந்தி இல்லை. முகாமுக்கு வரும் தபாலெல்லாம் என் களஞ்சியத்துக்குத்தான் வரும். ஒரு நாள் என் பெயருக்கு ஓர் உறை வந்தது. மனோன்மணி அக்காவின் கையெழுத்து. யாரோ கொழும்புக்குக் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். கோயிலில் சனத்தோடு சனமாக அகதியாக இருந்த இடத்தில் அண்ணையின் தாய் வயிற்றோட்டம் கண்டு இறந்துவிட்டார். மருந்து கிடைக்கவில்லை. தமையன் முன்னமே இறந்துவிட்டார்; மிஞ்சியிருந்த ஒரே மகன் வெளிநாட்டில் இருக்க, பேரன் குணம்தான் கொள்ளி வைத்தார். கடைசியில் இப்படி எழுதியிருந்தது: "தம்பி, அவர் தாங்கமாட்டார். நான் அவருக்கு மாமி சுகம் எண்டுதான் எழுதுறன். நீங்கள் நேரம் பாத்து மெல்ல மெல்லச் சொல்லுங்கோ."

வெளிநாட்டிலிருப்பவனுக்குச் செத்த வீட்டை நேரே சொல்லாமல் கூட இருப்பவனுக்கு எழுதுவது எங்கள் சனத்தின் வழக்கம். நான் நாளை எண்ணிப் பார்த்தேன். தாய் இறந்து அன்று பன்னிரண்டாம் நாள். அந்தியேட்டிக்கு இன்னும் பத்தொன்பது நாட்கள் இருந்தன.

அண்ணை அந்த நாட்களில் தொழிற்சாலைக் கோபுரத்தின் உச்சியில் சாரம் கட்டி நின்று திருத்தவேலை செய்துகொண்டிருந்தார். இதைக் கேட்டுக் கால் தடுமாறினால் ஆளே இல்லை. வேலை முடியட்டும், சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. எனக்கு வாய் வரவில்லை. அவர் வேலையால் வந்து ஒலிப்பதிவுப் பெட்டியை முன்னால் வைத்து, "அம்மா, இஞ்சை கேளணை" என்று தொடங்கும்போது நான் சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்விடுவேன். கதவைச் சாத்தினாலும் கேட்கும். இறந்த மனுசிக்கு அவர் வெயிலைப் பற்றியும் பேரீச்சம்பழத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருப்பார். இடையில் நிறுத்தி, "என்னணை, சிரிக்கிறியோ?" என்று கேட்பார்.

இருபதாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் மேற்பார்வையாளருக்கு மகன் பிறந்து விருந்து வைத்தார். அண்ணை தன் கோப்பையை மறந்துவிட்டார். எல்லாரும் இடம் விட்டு நகர்ந்து அவரைக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிடம் நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக் குந்தியிருந்து, அந்தப் பெரிய தட்டில் கையை வைத்தார். மேற்பார்வையாளர் நல்ல இறைச்சியாகப் பிய்த்து அவர் பக்கம் வைத்தார். அண்ணை அதை எடுத்து வாயில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஐசே, இவ்வளவு நாளும் நான் விசரன். எச்சில் எண்டு ஒண்டு இல்லை, நாங்கள் நினைக்கிறதுதான். அம்மாவுக்கு இதைச் சொல்ல வேணும், என்னை வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டா." சுற்றியிருந்தவர்களுக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாயின் சாவுத் தீட்டான துடக்கைக் காத்து ஒருவேளைச் சைவச் சோறு சாப்பிட வேண்டிய நாளில் அந்த மனுசனை ஆட்டிறைச்சி தின்ன விட்டுவிட்டு, எதிரில் இருந்து நான் சிரித்தேன். 

முப்பத்துநான்காம் நாள் கோபுரத்து வேலை முடிந்தது. அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். அழவில்லை. உறையைத் திருப்பி, அதில் நான் பென்சிலால் குறித்திருந்த, எனக்குக் கடிதம் கிடைத்த திகதியைப் பார்த்தார். விரலை மடித்து எண்ணினார். எண்ணிக்கொண்டு வந்தவரின் விரல் ஓர் இடத்தில் நின்றது.

"அப்ப அந்த விருந்து?"

"இருபதாம் நாள் அண்ணை."

"உனக்கு அண்டைக்குத் தெரியும்."

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டு நீ என்னைத் தின்ன விட்டனீ. நாள் தவறாமல் சவரம் எடுக்க விட்டனீ. பாட்டுப் பாட விட்டனீ." அதுவரை என்னை அவர் 'நீ' என்று சொன்னதில்லை. கடிதத்தை மடித்து என் சட்டைப் பைக்குள் அவரே வைத்தார். "இது உனக்கு வந்தது. நீயே வைச்சிரு."

அடுத்த நாள் தலையை மழித்துக்கொண்டு வேலைக்குப் போனார். பச்சையரிசிச் சோறு சமைத்து, பருப்பும் வாழைக்காயும் வைத்து, ஓர் இலைக்கு வழியில்லாமல் வெள்ளைத் தாளில் படைத்து மாடியில் கொண்டுபோய் வைத்தார். காகம் வரவில்லை, புறாக்கள் வந்தன. அவர் புறாக்களைத் துரத்திவிட்டுக் காத்திருந்தார். வெயில் ஏறச் சோறு காய்ந்து தாளோடு ஒட்டிப்போனது. மூன்று வெள்ளிக்கிழமைகள் இப்படிச் செய்தார். நான் படிக்கட்டில் நின்று பார்ப்பேன், மேலே ஏறத் துணிவு வராது. அந்தக் காலமெல்லாம் ஒரே அறையில் இருந்தும் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. ஒலிப்பதிவுப் பெட்டியைத் துணியால் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார்.

மாரி பிறந்து ஒரு நாள் மழை தூறியது. வாசலில் நின்று வெளியே பார்த்தவர் திடீரென்று, "ஐசே, வந்து பாரும்" என்றார். "உவங்கள் மழை பாக்கிறதுக்கு எண்டு பெண்டில் பிள்ளையளை ஏத்திக்கொண்டு காரிலை வனாந்தரத்துக்குப் போறாங்கள்." உண்மைதான், வரிசையாகக் கார்கள் போய்க்கொண்டிருந்தன. இருவரும் நனைந்துகொண்டு தெருக்கரையில் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "அம்மா செத்ததுக்கு நான் உம்மோடை கோவிக்கேல்லை. முப்பத்தொரு நாள் ஒரு மனுசனுக்கு அழக் குடுத்த நாள். அதை நீர் என்னட்டை இருந்து எடுத்துப்போட்டீர்." அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவர் போன நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கோப்பாய் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பிரேதத்தைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். அண்ணையின் ஒரே மகள் வதனி சுவிஸில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள். மனோன்மணி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, பிள்ளைக்கு இப்ப அறிவிக்க வேண்டாம். தனிய இருக்கிறாள். அவளோடை வேலை செய்யிற பிள்ளைக்கு எழுதுவம், அவள் மெல்லச் சொல்லட்டும்" என்றார். சுற்றியிருந்த எல்லாரும் அதுதான் சரி என்றார்கள்.

"அக்கா, அண்டைக்கும் நீங்கள் சொன்னியள், நான் கேட்டனான்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அண்ணை கிடந்த பக்கம் பார்த்தார்.  "அப்ப அறிவியுங்கோ" என்றார்.

அடுத்த நாள் அயல்வீட்டு ஆசிரியர் ஒருவர் கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போகவிருந்தார். எங்கள் பக்கம் தொலைபேசி இல்லாததால், கொழும்பிலிருந்து வதனிக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் தயங்கினார். "அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை எண்டு தொடங்குவமே?" என்றார். மாட்டேன் என்று நின்று, என் முன்னாலேயே ஒரு தடவை வாசிக்க வைத்தேன். "பிள்ளை வதனி, உங்கடை அப்பா செவ்வாய்க்கிழமை விடியச் செத்துப்போனார். நோகாமல் போனவர். அண்டையிலை இருந்து துடக்கு."

ஆசிரியர் திரும்பி வந்து நேரே என் வீட்டுக்கு வந்தார். ஐந்தாம் நாள் அவளுக்கு அழைப்புக் கிடைத்திருக்கிறது. அவள் அழுது முடியும்வரை தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான்: "இன்னும் இருபத்தாறு நாள் கிடக்குத்தானே, மாஸ்ரர்?"

இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நாளில் அவள் அங்கே அந்த நாட்களைக் காத்து முடித்திருப்பாள். மனோன்மணி அக்காவின் கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. அண்ணை என்னிடம் விட்டுப்போனது அதுவும், அவருக்கு நான் கொடுக்காத பத்தொன்பது நாட்களும்தான்.