வெர்னலின் தெருவுக்கு வந்த பனிவண்டி

எங்கள் தெருவில் மேயர் டொனெலனை நேரில் பார்த்தவர் யாருமில்லை. அதே தெருக்காரர் வெர்னல் ஓட்டிஸைப் பார்த்தால் போதும். பகலில் நகரப் பேருந்து ஓட்டுவார், மாலையில் வீடு வீடாகக் கதவைத் தட்டி மேயருக்கு ஓட்டுக் கேட்பார். மூன்று தேர்தலில் டொனெலன் ஜெயித்தது இப்படிப்பட்ட ஆட்களால்தான். அவருடைய ஆட்சியும் ரொம்ப எளிது. ஓட்டுப் போட்ட தெருவுக்குக் குப்பை வண்டி, தெருவிளக்கு, குளிர்காலத்தில் பனி வழிக்கும் வண்டி. போடாத தெருவுக்குப் பட்டை நாமம். நாங்களும் வாயை மூடிக்கொண்டு அனுபவித்தோம், பொய் சொல்வானேன்.

பின்தெரு, போடாத தெரு. வெர்னல் அங்கே போகும்போதெல்லாம் லூவினா ப்ரூயிட் என்ற கிழவி பீச் பழக் கேக்கை எடுத்து வைத்து, தின்றுவிட்டுப் போ, ஓட்டு மட்டும் கேட்காதே என்பாள். வெர்னல் தின்பார். அப்புறம் சர்ச் வாசலில் எல்லோர் முன்னாலும் அவளைச் சீண்டுவார்.

"ஓட்டுப் போட்டா வண்டி வரும் லூவினாம்மா. போடலைன்னா பனியை அள்ள வசந்தம்தான் வரும்."

கிழவியும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்த ஜனவரியில் இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது. விடிந்தபோது எங்கள் தெரு பளிச்சென்றிருந்தது. பின்தெருவில் இடுப்பளவு. லூவினாவின் மகள் டெல்ஃபின் வெர்னலுக்குப் போன் செய்தாள். அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாதாம், ஒரு பனிவண்டி மட்டும் அனுப்பச் சொல்லுங்கள் என்றாள். இதென்ன பெரிய காரியம் என்று வெர்னல் வார்டு ஆபீஸைக் கூப்பிட்டார். அங்கிருந்த ஆள் நிதானமாகச் சொன்னான்:

"அந்தத் தெரு நமக்கு ஆகாது, விட்டுடுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. டெல்ஃபினைத் திரும்பக் கூப்பிட அவருக்கு முகமில்லை.

கொஞ்ச நேரத்தில் டெல்ஃபினும் அவள் கணவனும் சந்து வழியாக, பனியில் விழுந்து எழுந்து வந்தார்கள். அவர்கள் இழுத்து வந்த சறுக்குப் பலகையில், கம்பளிக்குள் கிழவி. வெர்னல் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார். டெல்ஃபின் விடவில்லை. கோபப்படவும் இல்லை, அதுதான் கொடுமை.

"வேண்டாங்க மிஸ்டர் ஓட்டிஸ். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உங்க தெருவுல நின்னுக்கலாமா?"

வாசல்களில் நின்றிருந்த நாங்கள் கூனிக் குறுகிப் போனோம். லூவினா மூச்சு வாங்கக் கண்ணைத் திறந்தாள்.

"வசந்தம் வந்துடுச்சா வெர்னல்?"

கிழவி பிழைத்து வந்துவிட்டாள். டொனெலன் நான்காவது முறையும் ஜெயித்தார். வெர்னல் மட்டும் அதற்கப்புறம் யார் கதவையும் தட்டவில்லை, சர்ச்சுக்குக்கூட வேறு பேட்டைக்குத்தான் போகிறார். கேக் செய்யும் நாளெல்லாம் லூவினா அவருக்கு ஒரு துண்டு கொடுத்தனுப்புகிறாள். அவர் அதை என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார். எனக்கும் தொண்டையில் இறங்குவதில்லை.