அருள்மேரி அக்காவும் என் நேர்ச்சையும்

செய்தி எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது பார்த்தேன். "நமது அருள்மேரி ஆண்டவரில் துயில் கொண்டார்" என்று கோயில் உபதேசியார் போட்டிருந்தார். அதற்கு நேர் கீழே, முந்தைய நாள் அவருக்காகக் கேட்ட ஜெப விண்ணப்பத்தை அப்போதுதான் பார்த்த யாரோ ஒருவர், "ஆமென்! மாதா நிச்சயம் சுகம் தருவார்" என்று எழுதியிருந்தார். இரண்டையும் மாறி மாறிப் படித்துக்கொண்டு நின்றேன். எதை நம்புவது என்று உண்மையாகவே தெரியவில்லை.

நம் பங்கைச் சேர்ந்த உங்களில் பலர் அக்காவை அவர் வேலை பார்த்த மேட்சிங் சென்டரில்தான் பார்த்திருப்பீர்கள். புடவையை வாங்கி வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் ஒருமுறை பிடித்துப் பார்த்த பிறகே பிளவுஸ் துணியை எடுத்துப் போடுவார். "கடை லைட்ட நம்பாதீங்கம்மா, அது பொய் சொல்லும்" என்பார். எனக்கு அவர் பக்கத்து வீட்டு அக்கா. மாதா கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு எங்கள் தெருவிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கும் கூட்டத்தில், ஆறாம் வகுப்பிலிருந்து நான் அவர் பக்கத்தில்தான் நடந்திருக்கிறேன்.

அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் மாதாவுக்கு நேர்ந்துகொண்ட ஒரு நேர்ச்சை இருக்கும். வேலை கிடைத்தவர், பிள்ளை பிறந்தவர், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தவர் என்று கேட்டது கிடைத்தவர்கள்தான் பெரும்பாலும் நடப்பார்கள். அக்கா கிடைக்காமலேயே நடந்தார். அவருடைய தம்பி சேவியர் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவர். பிறகு ஒரு போன்கூட இல்லை. அப்பா இறந்ததும் அவருக்குத் தெரியாது. தம்பி திரும்பி வர வேண்டும் என்பதுதான் அக்காவின் ஒரே வேண்டுதல்.

ஒருமுறை பிலோமி அத்தை நடந்துகொண்டே சீண்டினார். "ஏன்டி அருளு, கெடச்சப்புறந்தான் எல்லாரும் நேர்ச்சைய முடிப்பாங்க. நீ என்னடி, கெடைக்கிறதுக்கு முன்னாடியே வருஷா வருஷம் முடிச்சுக்கிட்டு இருக்க?"

"மாதாவுக்கு எத்தன பேரு தொல்ல அத்த. என் மூஞ்சி மறந்துடக் கூடாதுல்ல, அதான் காட்டிட்டு வரேன்" என்றார் அக்கா. கூட்டமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

திருமலைராயன்பட்டினத்தில் நடந்து போகிறவர்களுக்கு ஒரு பாய் தன் கடை வாசலில் நன்னாரி சர்பத் கொடுப்பார். அக்காவைக் கண்டதும் முதலில் கேட்பது, "தங்கச்சி, தம்பிகிட்டேருந்து தாக்கல் ஏதும் வந்துச்சா?" என்பதுதான். அக்கா இல்லையென்று தலையாட்டினால், "நம்ம துஆவுலயும் அவரு பேரு இருக்கும்மா. அல்லா லேசாக்குவான்" என்பார். இத்தனை பேர், இத்தனை வாசல்களில் கேட்டும் ஏன் ஒரு பதிலும் இல்லை என்று எனக்கு அப்போதே குழப்பம். அடுத்த தெரு வந்ததும் கேட்டேன்: "அக்கா, கடவுளுக்குக் கேக்குதா, இல்லையா?"

"எனக்கு என்னடி தெரியும்? நீதானே லைப்ரரியே கதின்னு கெடக்குற. எங்கயாச்சும் எழுதியிருந்தா சொல்லு."

நான் தேடினேன். பொறுமையைப் பற்றி நிறைய எழுதியிருந்தது. என் கேள்விக்குப் பொருந்துகிற மாதிரி எதுவும் கிடைக்கவில்லை.

போன வருடம் நாகூர் தாண்டியதும் அக்கா சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். கால் வலி என்று நினைத்தேன். "வலியெல்லாம் இல்ல. இந்தத் தடவ நான் ஒண்ணும் கேக்கப்போறதில்ல. ஆண்டவரு பேசலல்ல? நானும் பேசல" என்றார். அதன் பிறகு செபமாலை சொல்லும்போதும் வாய் திறக்கவில்லை. ஆனால் எழுந்து நடந்தார். வேளாங்கண்ணி வந்ததும் எல்லோருக்கும் முன்னால் போய் முழங்கால் போட்டு, பீடத்தைச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்தபோது கேட்டேன்: "கோபம் போயிடுச்சாக்கா?"

"போகல. ஆனா கோவிச்சுக்கிறதுக்கும் அவரு எதிர்ல இருக்கணும்ல?"

இந்த வருடம் அக்காவுக்கு மஞ்சள் காமாலை என்றார்கள். பிறகு கல்லீரல் என்றார்கள். பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். நான் என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நேர்ச்சை வைத்தேன். அதுவரை நான் துணைக்குத்தான் நடந்திருந்தேன். அக்கா குணமாகி வீட்டுக்கு வந்தால் செருப்பில்லாமல் நடக்கிறேன் என்று மாதாவிடம் சொன்னேன். போனில் அக்காவிடமும் சொன்னேன். குரல் ரொம்ப மெலிந்திருந்தது. ஆனாலும் கேலி போகவில்லை.

"அப்ப நான் வரலன்னா நடக்க மாட்டியாடி?"

"அப்படியெல்லாம் பேசாதீங்கக்கா."

"சும்மா கேட்டேன்டி. படி, பரீட்ச வருது."

நான் கேட்டது கிடைக்கவில்லை. அவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள்.

அடக்கத்தன்றுதான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. பூசைக்குக் கொஞ்சம் முன்னால், தோளில் பையோடு ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பெட்டியின் கால்மாட்டில் நின்றார். பிலோமி அத்தைதான் முதலில், "ஐயோ, சேவியரு!" என்று கத்தினார். இரங்கல் படத்தை யாரோ யாருக்கோ அனுப்பி, அது திருப்பூரில் அவர் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி வரை போயிருக்கிறது. அக்காவின் முகத்தை அதில் பார்த்துவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறார்.

"பாத்தியா, மாதா கைவிடல. கொண்டாந்து சேத்துட்டா" என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். பலர் தலையாட்டினார்கள். எனக்கு ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. அக்கா இத்தனை வருடம் கேட்டது இதுவா? வந்தவரைப் பார்க்கக் கண் திறக்காதபோது வந்ததைப் பதில் என்று எப்படிச் சொல்வது? ஆனால் அவர் வந்ததும் உண்மைதானே. இதைப் பதில் என்றாலும் மனம் ஒப்பவில்லை, இல்லை என்றாலும் ஒப்பவில்லை. அக்கா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கிறேன். அதுவும் தெரியவில்லை.

அம்மாவிடம் என் நேர்ச்சையைப் பற்றிக் கேட்டேன். "கேட்டது கெடைக்கலல்ல, அப்ப நேர்ச்சையும் இல்ல. மனசப் போட்டு ஒழப்பிக்காத" என்றார். அம்மா சொன்னது வழக்கப்படி சரி. நடக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். கோபத்தில்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து ஜெபமும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் சேவியர் அண்ணன் என்னிடம் வந்தார்.

"நீதானேம்மா அக்காகூட நடந்த புள்ள?"

"ஆமாண்ணே."

"எனக்காகத்தான் நடந்தான்னு எல்லாரும் சொல்றாங்க. எந்த வழியாப் போவா? எங்கெங்க ஒக்காருவா? இந்த வருஷம் எனக்குக் காட்டுறியா?"

கேட்டுவிட்டு அண்ணன் மணல் ஒட்டிய தன் கால்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். அக்காவின் முகத்தில் இருந்த அதே அகலமான நெற்றி. "காட்டுறேண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான், நான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது.

அன்று வீட்டுக்கு வந்து நம் மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். கேட்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. "எனக்கு உங்கமேல கோவம்" என்று மட்டும் சொன்னேன். பதில் வரவில்லை. ஆனாலும் அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை. அருள்மேரி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இப்போதைக்கு இவ்வளவுதான்: பதில் வராதபோதும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பது. இதற்கு விசுவாசம் என்று பெயர் சொல்லலாமா என்று எனக்குத் தெரியாது. கொடியேற்றத்துக்கு நடக்கப் போகிறேன்.