பார்ப்பவரும் எழுதுபவளும்

அக்காவின் முகத்தைவிட முதுகுதான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. கோடிக்கரையின் சேற்றோரத்தில் முக்காலியை ஊன்றி, தொலைநோக்கியின் மேல் குனிந்த முதுகு. காற்றில் படபடக்கும் பச்சைத் துப்பட்டா. தஞ்சாவூரில் ஓர் ஆய்வகத்தில் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருவரும் இருந்தோம். அவர் எனக்குச் சில வருடம் மூத்தவர்; அதனால் அக்கா. மாசி பிறந்துவிட்டால், வலசை வந்த பறவைகள் திரும்புவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று ஞாயிறுதோறும் முதல் பேருந்தில் கிளம்பிவிடுவோம்.

பறவைக் கணக்கெடுப்பில் பார்ப்பவர் கண்ணை எடுக்கக் கூடாது. எழுதுபவர் நிமிரக் கூடாது. "பூநாரை. கரண்டிவாயன். எழுதுறியா, தூங்கிட்டியாடி?" என்பார். "எழுதிட்டேங்க்கா" என்பேன். பட்டியல் போடுவது எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர் சொன்ன பறவைகளில் பாதியை நான் சரியாகப் பார்த்ததில்லை. குனிந்தே நின்றதால் எனக்குத் தெரிந்தவை காலடியில் இருந்தவைதான்: மணலில் படர்ந்த அடம்பின் ஊதாப் பூ, நெருஞ்சியின் மஞ்சள், கொழுஞ்சி, தும்பை. அவற்றைத் தாளின் ஓரத்தில் எனக்காக எழுதிக்கொள்வேன்.

கடைசியாகச் சேர்ந்து போன அன்று, கணவர் வேலை பார்க்கும் தோஹாவுக்குத் தானும் போகப்போவதாக அக்கா பேருந்தில் சொன்னார். எனக்கு அவரைத் தவிர வேறு தோழி இல்லை. போகாதீங்க என்று சொல்ல வாய் வரவில்லை. கரைக்கு வந்ததும் அவர் விலகி நின்றார்.

"இன்னைக்கு நீ பாரு. நான் எழுதுறேன்."

"வேணாங்க்கா. உங்க கையெழுத்து உங்களுக்கே புரியாது."

"கத்துக்கிட்டா நான் இல்லாமலே வரலாம்டி."

"அதுக்குத்தான் வேணாங்கிறேன்."

சிரித்துவிட்டு அவர் திரும்பவும் குனிந்துகொண்டார். வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்திருப்பார்.

தொலைநோக்கியை என்னிடமே விட்டுப் போனார். இந்த மாசியில் தனியாகப் போனேன். கண்ணை வைத்தால் எழுத முடியவில்லை. எழுதக் குனிந்தால் கூட்டம் இடம் மாறிவிடுகிறது. சேற்றில் ஒரு சிறு பறவை ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. உள்ளானா, உப்புக்கொத்தியா? உள்ளானுக்கு அலகு நீளம்; இதற்குக் குட்டை. நெடுநேரம் பார்த்தேன். தொலைநோக்கியில் கைப்பேசியை வைத்துப் படமெடுத்து, "உப்புக்கொத்திதானேக்கா?" என்று கேட்டு அனுப்பினேன்.

திரும்பும் பேருந்து திருத்துறைப்பூண்டியைத் தாண்டிய பிறகு பதில் வந்தது: உயர்த்திய கட்டைவிரல் ஒன்று. சரி என்கிறாரா, பார்த்துவிட்டேன் என்கிறாரா, தெரியவில்லை. இன்னொரு வரி வருமென்று காத்திருந்தேன். வெளியே, அறுத்த வயல்களில் உளுந்து பச்சை கட்டியிருந்தது. மன்னார்குடியில் பேருந்து நின்றபோது தாளை மடியில் விரித்து, உப்புக்கொத்தி என்று எழுதினேன். பக்கத்தில் கேள்விக்குறி போடவில்லை.