எல்க் வேட்டையில் இரண்டு ரக்அத்

1996 செப்டம்பர் 26, வியாழக்கிழமை. காலை 5.30க்கு எழுந்தேன். ஆற்று நீரில் முகம் கைகால் கழுவி வுளூ செய்து, விடியற்காலைச் சுபஹ் தொழுதேன். சவர்க்காரம் இல்லை, பற்பசை இல்லை. இன்றோடு நாலு நாள். குடியிருக்கும் மல்வேர்னில் பஸ் ஏறுமுன் கறி மணக்கிறதா என்று மேலங்கியை முகர்ந்து பார்ப்பவன் நான். அல்பேர்ட்டா மலையிலோ சவர்க்கார மணம்தான் குற்றம். எல்க் என்பது நம்மூர் மரைக்கு அண்ணன் போன்ற மான். காற்று நம் பக்கமிருந்து அடித்தால், கண்ணில் படுமுன்பே ஓடிவிடும்.

இதைச் சொல்லித்தந்தவர் வால்ட்டர். ரெக்ஸ்டேல் தொழிற்சாலையில் நாலு வருடமாக என் பக்கத்து மெஷினில் நிற்பவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். என் மனைவி கட்டித்தரும் மாட்டிறைச்சிக் கறியில் பாதி அவருக்குத்தான் போகும். பதிலுக்கு ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் தான் சுட்ட எல்க் இறைச்சியை நீட்டுவார். நான் நன்றி சொல்லி மறுப்பேன். மன்னாரில் அயல்வீட்டுக் கலியாணம் என்றால், நாங்களும் சாப்பிடவேண்டுமென்று, ஆடு அறுக்க முஸ்லிம் ஒருவரைக் கூப்பிட்ட பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள். யாரும் யாருக்கும் விளக்கியதில்லை. அதனால் விளக்கும் பழக்கமே எனக்கு வரவில்லை. கடைசியில் வால்ட்டரே எங்கோ விசாரித்துக்கொண்டு வந்தார். இறைவன் பெயரைச் சொல்லி நானே சுட்டால் சாப்பிடுவேனா என்று கேட்டார். சாப்பிடுவேன் என்றேன். அப்படியானால் வா, ஒருமுறையாவது என் கையால் நீ சாப்பிடவேண்டும் என்றார். துவக்குச் சுடப் பழகி, பரீட்சை எழுதி, அனுமதியும் எடுத்தேன். என் மனைவி தங்கைக்கு ரெலிபோனில் சொன்னாள்: "பொத்தான் தைக்கத் தெரியாத மனிசன், மான் சுடப் போறாராம்."

மூன்று நாள் ஏறி இறங்கியும் ஒன்றும் தெரியவில்லை. முழு மானைத் தேடாதே, நெட்டுக்கு நிற்கும் மரங்களுக்கிடையில் கிடையாக ஒரு கோடு தெரிந்தால் அதுதான் முதுகு என்றார் வால்ட்டர். நான் பார்த்த கோடுகள் யாவும் விழுந்த மரங்கள். இன்றே கடைசி நாள். மாலை 5.40க்கு ஒரு புல்வெளியின் ஓரத்தில் துவக்கை வைத்துவிட்டு அசர் தொழ நின்றேன். பயணத்தில் இருப்பவனுக்கு நாலு சுற்றுக்குப் பதில் இரண்டே ரக்அத். வால்ட்டர் விழுந்த மரமொன்றின் பின்னால் படுத்துக்கொண்டார்.

கடைசிச் சுஜூதில் நெற்றி நிலத்தில் இருந்தபோது ஆட்டுக்கடா மணம் வந்தது. பிறகு புல் கடிபடும் சத்தம். வால்ட்டர் மெல்லச் செருமினார். தொழுகையை இடையில் விடவும் முடியாது, திரும்பிப் பார்க்கவும் முடியாது. இருந்து ஓதி முடித்து, முகத்தை வலப்பக்கம் திருப்பி, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன். நாற்பது அடி தூரத்தில், கொம்பில் புல் தொங்க, அது என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. இடப்பக்கம் திரும்பிச் சலாம் சொன்னேன். அங்கே வால்ட்டரின் சிவந்த முகம்.

துவக்கு என் முழங்காலருகே கிடந்தது. நான் தொடவில்லை. வால்ட்டரும் தன்னுடையதைத் தூக்கவில்லை. அவர் சுட்டால் எனக்கு ஆகாது. 5.47க்கு அது அவசரமில்லாமல் காட்டுக்குள் போனது.

அவர் ஆங்கிலத்தில் கேட்டதை நம் தமிழில் எழுதுகிறேன்.

"அதுக்கு என்ன சொன்னனி?"

"உனக்குச் சாந்தி உண்டாகட்டும் எண்டு."

"எல்க்குக்கோ?"

"மலக்குகளுக்கு, ரெண்டு பக்கமும் இருக்கிற வானவர்களுக்குத்தான். ஆனா அந்தப் பக்கத்திலை அது நிண்டிட்டுது. பிறகு எப்பிடிச் சுடுறது?"

தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கூடாரத்துக்குத் திரும்பினோம். இராச்சாப்பாட்டுக்கு நான் என் பாண் துண்டுகளையும் பேரீச்சம்பழத்தையும் எடுத்தபோது கேட்டார்.

"அப்ப நான் உனக்கு எதைத்தான் தாறது?"

"மீன் தாங்கோ. மீனை ஆர் பிடிச்சாலும் சாப்பிடுவன்."

"உங்கடை ஆக்களின்ரை கடை மீன்தான் சாப்பிடுவாய் எண்டெல்லோ நினைச்சன். நாலு வருஷம், சலீம்."

"நீங்கள் கேக்கேல்லையே."

தூண்டில் வாகனத்தில் இருக்கிறது, விடிந்ததும் ஆற்றுக்குப் போவோம் என்றார். தினமும் அவர் பன்றி இறைச்சி பொரிக்கும் இரும்புச் சட்டி அடுப்பருகே இருந்தது. அவருடைய தகப்பனின் சட்டி. சவர்க்காரமே காட்டாமல், கொழுப்பாலேயே முப்பது வருடம் கறுப்பேற்றியது; அந்தக் கறுப்பை யாரும் தேய்க்கக்கூடாது என்பார். அதில் அப்படியே பொரித்தால் மீனும் எனக்கு ஆகாது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை 5.30க்கு எழுந்து வெளியே வந்தேன். ஆற்றங்கரையில் லாந்தர் வெளிச்சத்தில் வால்ட்டர் சட்டியை மணலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பாதி வெளுத்திருந்தது. வுளூவுக்கு முன், முதல் வேலையாக, ஒரு பிடி மணல் அள்ளிக்கொண்டு எதிரில் குந்தி, மற்றப் பாதியைத் தேய்க்கத் தொடங்கினேன். மேலே மலையில் எல்க் கூவியது. இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். சட்டியை விடவில்லை.