அக்காவின் கண்ணில் நீலச் சொட்டு

என் அக்கா அத்தாயிக்கு எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை. அவளைக் குறை சொல்லவும் முடியாது. பார்த்த வேலை அப்படி. ஜேடர்பாளையம் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்து விடுகிறவள். ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுத்துக் கண்ணில் ஒரு சொட்டு விட வேண்டும். மருந்துக்கு நிறம் கிடையாது என்பதால் நீலச் சாயம் கலப்பார்கள். கண்ணோரம் நீலம் தெரிந்தால் மருந்து இறங்கிவிட்டது. தெரியாவிட்டால் இன்னொரு சொட்டு. மச்சான் இறந்துபோன பிறகு இரண்டு பெண்களைக் கரையேற்றியது இந்த வேலைதான்.

கோழிக் கண்ணைப் பார்த்தவள் தன் கண்ணைப் பார்க்கவில்லை. இடது கண் மங்கியபோது வயதாகிவிட்டது என்று சும்மா இருந்துவிட்டாள். கிளாக்கோமா, கண்ணுக்குள் நீர் வடியாமல் அழுத்தம் ஏறி நரம்பே கெட்டுவிட்டது என்று சேலத்து டாக்டர் சுகன்யா சொன்னபோது அந்தக் கண் போயே போய்விட்டது. வலது கண்ணுக்கு வருடக்கணக்கில் சொட்டு விட்டும் அழுத்தம் மறுபடி ஏறியது. என் கோபத்தை யாரிடம் காட்டுவது? அவளைத்தான் திட்டினேன்.

"ஆபரேஷன் பண்ணித் தண்ணி வெளிய வர ஒரு வழி திறக்கலாம்மா" என்றார் டாக்டர். "அது வெள்ளை விழிமேல இருக்கற தோலுக்கு அடியில வரும். அங்கிருந்து மெல்லிசான நிணநீர்க் குழாய்ங்க அதை எடுத்துட்டுப் போகணும். ரொம்ப நாள் சொட்டு விட்ட கண்ணுல அதெல்லாம் கெட்டுப் போயிருக்கலாம். நல்லா இருக்கற இடம் பார்த்துத் திறந்தாத்தான் அந்த வழி அடையாம நிக்கும்."

"அப்படி எடமே இல்லீன்னா?" என்று கேட்டேன்.

"கஷ்டம்தாங்க."

அந்தக் குழாய்களைப் படம் பிடிக்க ஆராய்ச்சிக்காக ஒரு கருவி அந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தது. ஊசி இல்லை, சாயம் இல்லை. வெறும் ஒளியை வைத்தே படம் எடுத்துவிடும். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அக்காவுக்கோ அதில்தான் நம்பிக்கை வரவில்லை.

"சாயமே இல்லாம என்னத்தடா தெரியும்?" என்று பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்" என்று வாயை அடைத்தேன்.

படம் எடுக்கும் நாளன்று, ஆஸ்பத்திரியில் முகம் கழுவி வருகிறேன் என்று போனவள் திரும்பி வந்தபோது வலது கண் முழுக்க நீலம். பண்ணைச் சாயத்தைத் தண்ணீரில் கரைத்து, சின்னக் குப்பியில் அடைத்து, முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருக்கிறாள். இருக்கிற ஒரு கண்ணையும் கெடுத்துக்கொண்டாயா என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

"மருந்து கலக்குலடா. வெறுஞ் சாயந்தான்" என்றாள்.

டாக்டர் ஓடி வந்து கண்ணைக் கழுவினார். விளக்கடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"மேல விட்டது மேலயேதாம்மா நிக்கும். அந்தக் குழாய்க்குள்ள போகாது. ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"ஒண்ணுந் தெரியலீன்னு திருப்பி அனுப்பிச்சுட்டீங்கன்னா நா எங்கீங்க போவேன்? எனக்கு இருக்கறது இது ஒண்ணுதானுங்க."

கத்தியதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நல்லவேளை, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறவிட்டு மத்தியானம் படம் எடுத்தார்கள்.

திரையில் ஒரே சாம்பல் நிறம். அதற்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கருப்புக் கோடுகள்.

"இதுதாம்மா குழாய். உள்ள இருக்கறது தெளிஞ்ச தண்ணி மாதிரி. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது, அதனால கருப்பாத் தெரியுது" என்ற டாக்டர் படத்தை மெல்ல நகர்த்தினார். ஒரு பக்கம் கோடே இல்லை. எனக்கு உயிர் போய் வந்தது. மூக்குப் பக்கமாக மேலே போனதும் கோடுகள் கிளை விட்டுப் படர்ந்திருந்தன. "இங்க நல்லா இருக்கு. இங்கயே திறந்துரலாம்."

"இத்தனை இருக்குதுங்களா?" என்று கேட்டபடி அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் நன்றாக மூச்சு விட்டது என் காதில் விழுந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்தபோது பார்வை மங்கலாகத்தான் இருந்தது. சில வாரம் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அந்த நாட்களை நான் தள்ளிய பாடு எனக்குத்தான் தெரியும். மறுபடி போனபோது அழுத்தம் இறங்கியிருந்தது. மங்கலும் போய்விட்டது.

"போனது வராதும்மா" என்றார் டாக்டர். "ஆனா இருக்கற பார்வையைக் காப்பாத்திட்டோம்."

அக்கா திரும்பி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, மீசையெல்லாம் எப்படா இப்படி நரைச்சுது? நீ என்ற தம்பியா, சித்தப்பனா?"

டாக்டரே சிரித்துவிட்டார். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று, மனசு ஆறும் மட்டும் அழுதேன்.